சிஸ்டத்தைக் கடைசியில் மாற்றுங்கள்

அத்தியாயம் 5: டிடிபி, ஜெராக்ஸ் கடைகளுக்கு

போரூரிலிருந்து பூந்தமல்லி போகும் டிரங்க் ரோட்டில், காட்டுப்பாக்கம் தாண்டினால் குமணன்சாவடி. மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகும் சாலை இங்கேதான் பிரிகிறது. மேலே மெட்ரோ பாலம். கீழே ஜெராக்ஸ், டிடிபி, பிளெக்ஸ், பாஸ்போர்ட் போட்டோ, ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை வைத்த சிறு கடைகள். இந்த அத்தியாயம் அப்படி ஒரு கடையை மனத்தில் வைத்து எழுதியது. இரண்டு கணினி, ஒரு லேசர் பிரிண்டர், ஒரு கலர் இங்க் டேங்க் பிரிண்டர், ஸ்கேனர், லேமினேஷன் மெஷின். முழுநேரமும் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் ஒருவர், கூட்டம் சேர்ந்தால் கை கொடுக்க இன்னொருவர். உங்கள் கடை ஆவடியிலோ அம்பத்தூரிலோ இருந்தாலும் கணக்கு பெரிதாக மாறாது.

அந்தக் கணினிக்குள் என்ன இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். விண்டோஸ் 10. அதன் மேல் 2002-இல் வந்த ஃபோட்டோஷாப் 7, 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7, ஏதோ ஒரு கோரல்டிரா, ஏதோ ஒரு எம்எஸ் ஆபீஸ். இவற்றில் காசு கொடுத்து வாங்கியது எது என்று கேட்டால் பல கடைகளில் சிரிப்புதான் பதில். பேஜ்மேக்கரை மேம்படுத்துவதை அடோபி 2004-லேயே நிறுத்திவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத பழைய போர்டை அது முறையாக ஏற்பதில்லை. கடைக்காரர் இந்த இடத்துக்கு வந்து நிற்கும்போதுதான் யாராவது, "லினக்ஸ் போட்டுடுங்கண்ணா, எல்லாம் ஃப்ரீ" என்பார்.

போடலாம். ஆனால் இன்றைக்கே போட்டால் நாளைக் காலையே கழற்றிவிடுவீர்கள். முதல் வாடிக்கையாளர் போன வருஷம் அடித்த ரசீது புத்தகத்தை மறுபடி அடிக்கச் சொல்லி வந்து நிற்பார், அந்த ஃபைல் திறக்காது.

நம் மாவட்டமே இதற்குச் சாட்சி. பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2011 செப்டம்பரில் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் தொடங்கி வைத்தது. அந்த மடிக்கணினிகளில் இரண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், திரையின் பின்புலப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு. மற்றது பாஸ் லினக்ஸ். இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. தமிழில் தட்டச்சும் ஆபீஸ் மென்பொருளும் உள்ளேயே வந்தன. அதற்கு முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியிருந்தார். ஆக, மென்பொருளும் இருந்தது, செய்து காட்டிய முன்மாதிரியும் இருந்தது. ஆனாலும் மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த இரண்டாவது தேர்வை அழுத்திப் பார்த்ததோடு சரி. பாடம், பயிற்சி, பக்கத்து வீட்டு அண்ணன் கொடுக்கும் பென்டிரைவ் எல்லாமே விண்டோஸைச் சுற்றி இருக்கும்போது அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கேரளத்தில் நடந்தது வேறு. 2001-இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் ஆசிரியர் பயிற்சி, பாடநூல், செய்முறைத் தேர்வு ஆகிய மூன்றையும் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுவந்தது. அதைச் சுற்றியிருந்த வேலை மாறியதால் இயங்குதளமும் நிலைத்தது. கைட் என்ற பெயரில் அது இன்றும் ஓடுகிறது.

கடைக்கும் இதே வரிசைதான். முதலில் ஃபைல். அடுத்து மென்பொருள், அதுவும் விண்டோஸுக்குள்ளேயே. அடுத்து பிரிண்டர். கடைசியில் சிஸ்டம். லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி எல்லாமே விண்டோஸிலும் ஓடும். மூன்று மாதம் அங்கேயே பழகிவிட்டு, பிறகு அடியில் இருப்பதை மாற்றினால் வேலை செய்பவருக்கு அதிர்ச்சி இருக்காது.

கட்டற்ற மென்பொருள் என்று இந்த நூல் முழுதும் எதைச் சொல்கிறோம் என்பதை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்ததிலிருந்து வரும் வழக்கம் இது: எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி இயங்குகிறது என்று பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். காசு கேட்காத மென்பொருள் எல்லாம் இந்தக் கணக்கில் வராது. டபிள்யூபிஎஸ் ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் அதன் மூலநிரல் அந்த நிறுவனத்திடம்தான் இருக்கிறது. நாளைக்கு விளம்பரம் கூட்டினாலும் வசதியைக் குறைத்தாலும் கேட்க முடியாது. கடை நடத்துபவருக்கு இந்த வித்தியாசம் கொள்கைப் பேச்சு இல்லை, பத்து வருஷம் கழித்து ஃபைல் திறக்குமா என்ற கேள்வி.

பூட்டு எங்கே இருக்கிறது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம், கடைக்கு வரும் ஒவ்வொரு வேலையையும் எழுதுங்கள். என்ன வேலை, எந்த மென்பொருளில் செய்தீர்கள், பழைய ஃபைலைத் திறந்தீர்களா, புதிதாகச் செய்தீர்களா. வாரக் கடைசியில் பார்த்தால் பெரும்பகுதி ஜெராக்ஸ், பிடிஎஃப் பிரிண்ட், விண்ணப்பம், போட்டோ என்றுதான் இருக்கும். இவற்றுக்கு எந்த சிஸ்டமாக இருந்தாலும் ஒன்றுதான். சிக்கல் மீதி இருக்கும் வேலையில் இருக்கிறது: பள்ளிக் கேள்வித்தாள், சங்கத்து லெட்டர்பேட், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, வாடகை ஒப்பந்தம். எல்லாம் தமிழ், எல்லாம் பழைய எழுத்துரு.

பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்கள் யூனிகோட் பரவலாவதற்கு முன் வந்தவை. ஆங்கில எழுத்துக்கு ஒதுக்கிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்துவிடுவார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் ஃபைலுக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள் மட்டும். கூகுளில் தேட முடியாது, வாட்சாப்பில் ஒட்ட முடியாது, போனில் படிக்க முடியாது.

பேஜ்மேக்கர் 7-க்கு யூனிகோட் தெரியாது. ஃபோட்டோஷாப் 7-இல் யூனிகோட் தமிழை ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். அதனால் பழைய மென்பொருளுக்குப் பழைய எழுத்துரு வேண்டும், பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலைத் திருத்தப் பழைய மென்பொருள் வேண்டும். கடைக்காரரை விண்டோஸில் கட்டிப்போட்டிருப்பது மைக்ரோசாப்ட்டை விட இந்த முடிச்சுதான். தமிழக அரசு 2010 ஜூனில் யூனிகோடையும் டேஸ்16 குறியீட்டையும் ஏற்று ஆணையிட்டபோதே அரசு அலுவலகங்கள் மெல்ல நகர ஆரம்பித்தன. நம் டிடிபி கடைகள் பல இன்னும் நகரவில்லை.

அவிழ்க்கும் வழி இது. பழைய ஃபைல் எல்லாவற்றையும் மாற்றக் கிளம்பாதீர்கள். பத்து வருஷக் குப்பையில் மறுபடி கேட்டு வருவது கொஞ்சம்தான். ரசீது, லெட்டர்பேட், கேள்வித்தாள், ஒப்பந்த மாதிரி, பத்திரிகை வாசக மாதிரி, இவற்றை மட்டும் தனி ஃபோல்டரில் எடுங்கள். மற்றதை உயர்ந்த தரத்தில் பிடிஎஃப் ஆக்கி வருஷவாரியாகப் போட்டுவிடுங்கள். யாராவது கேட்டால் அச்சிடவாவது முடியும். அதற்கு மேல் செலவழிக்கும் நேரம் வீண்.

தேர்ந்தெடுத்தவற்றின் வாசகத்தை நகலெடுத்து யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். இதற்கு இணையத்தில் பல மாற்றிகள் உண்டு. முத்தையா அண்ணாமலை முதலானோர் 2013 முதல் வளர்த்துவரும் ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பிலும் பாமினி, வானவில், டேப், டாம், டிஸ்கி போன்ற பழைய குறியீடுகளிலிருந்து மாற்றும் வசதி இருக்கிறது. கல்லூரியில் பைத்தான் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால், ஃபோல்டரோடு மொத்தமாக மாற்றிக் கொடுத்துவிடுவார்.

மாற்றியதை அப்படியே நம்பி அச்சுக்கு விடாதீர்கள். பழைய தட்டச்சில் 'ர' வர வேண்டிய இடத்தில் துணைக்காலை அடித்துவிட்டுப் போவது பலருக்கும் பழக்கம், தாளில் வித்தியாசம் தெரியாது என்பதால். யூனிகோடில் அது பிழையாகவே நிற்கும். 'ஔ' வர வேண்டிய இடத்தில் 'ஒ', 'ள' என்று இரண்டு எழுத்து இருக்கும். 'கொ', 'கோ' வரிசையில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் தனித்தனியாக ஒட்டியிருக்கும். பார்க்க ஒன்றாகத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. ஊர்ப் பெயர், ஆள் பெயர், தேதி மூன்றையும் பழைய அச்சுப் பிரதியை வைத்து ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.

இன்னொரு வசதியும் பலருக்குத் தெரியாது. பேஜ்மேக்கரின் ஃபைலையும் கோரல்டிரா ஃபைலையும் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறக்கலாம். கோரல் 2012 முதலும் பேஜ்மேக்கர் 2015 முதலும் இந்த வசதி இருக்கிறது. அந்தப் பழைய எழுத்துருவை அதே கணினியில் போட்டிருந்தால் தமிழும் தெரியும். வடிவமைப்பு சில இடங்களில் கலைந்து வரும், சிக்கலான கோரல் படம் பாதிதான் வரும். ஆனாலும் உள்ளே இருக்கும் வாசகத்தை மீட்க இது போதும். கிராக் போட்ட பேஜ்மேக்கர் ஒருநாள் திறக்க மறுத்தால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.

தட்டச்சு செய்பவரை வதைக்காதீர்கள். டைப்ரைட்டிங் லோயர், ஹயர் பாஸ் செய்தவர் கையில் இருபது வருஷப் பழக்கம் இருக்கும். தமிழ்99 நல்ல விசைப்பலகைதான், 1999-இல் அரசே ஏற்றதுதான். புதிதாகக் கற்பவருக்கு அதைத்தான் சொல்வேன். பழகியவரை மாறச் சொன்னால் ஒரு மாதம் கடையின் வேகம் பாதியாகும், அவர் வேறு கடை பார்த்துக்கொள்வார். விண்டோஸில் இ-கலப்பை, லினக்ஸில் ஐபஸ் என்ற செயலியோடு வரும் எம்17என் தொகுப்பு, இரண்டிலுமே தமிழ்99-ம் உண்டு, தட்டச்சுப் பலகையும் உண்டு. ஏதாவது விசை இடம் மாறியிருக்கிறதா என்று அவரையே ஒரு பக்கம் அடித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு முடிவு செய்யுங்கள்.

எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ் என்ற உரிமத்தில் வந்த தமிழ் எழுத்துருக்களைக் கடை வேலைக்கும் தயங்காமல் பயன்படுத்தலாம், காசு கிடையாது. புத்தக வாசகத்துக்கு மீரா இனிமை. ரசீது, படிவம் போன்ற நெருக்கமான வேலைக்கு முக்தா மலர். கட்டமரன் ஒன்பது தடிமனில் வருகிறது, தலைப்பும் உள்ளடக்கமும் ஒரே குடும்பத்தில் முடித்துவிடலாம். பிளெக்ஸில் தூரத்திலிருந்து தெரிய பலூ தம்பி, குண்டாக இருக்கும். பத்திரிகையில் கையெழுத்துச் சாய்வு வேண்டுமென்றால் கவிவனார். இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்தது அது. ஒன்றும் பிடிக்காவிட்டால் நோட்டோ தமிழ், எங்கும் உடையாது. பழைய எழுத்துருக்களில் இருந்த பூ வேலைப்பாடு எழுத்துகள் இங்கே குறைவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். "போன தடவை போட்ட அதே எழுத்து வேணும்" என்று அடம் பிடிப்பவர் வருவார். நாலு மாதிரி அடித்து வாசலில் ஒட்டி வைத்துவிட்டால் பெரும்பாலும் அதில் ஒன்றைக் காட்டிவிடுவார்.

வேலை வாரியாக

லிப்ரே ஆபீஸில் தமிழ் அடிக்கத் தொடங்கியவர் முதல் நாளிலேயே ஒரு குழப்பத்தில் மாட்டுவார். எழுத்து அளவை மாற்றுவார், ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அப்படியே இருக்கும். காரணம், அது ஆங்கில எழுத்துருவையும் தமிழ் எழுத்துருவையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ் போய், மொழிப் பகுதியில் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதற்குத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ஸ்டைலில் அதற்குரிய எழுத்துரு, அளவு இரண்டையும் ஒருமுறை அமைத்துச் சேமித்தால் தொல்லை விட்டது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் லிப்ரே ஆபீஸைத் திட்டிக்கொண்டே போனவர்கள் நிறைய.

வெளியிலிருந்து வரும் வேர்டு ஃபைல்தான் அடுத்த தலைவலி. கலிப்ரி எழுத்துருவுக்கு அதே அகலத்தில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப் என்று ஜோடிகள் உண்டு, அதனால் ஆங்கில ரெஸ்யூம் பக்கம் நகராமல் திறக்கும். விண்டோஸோடு வரும் லதா, நிர்மலா லினக்ஸில் இருக்காது. வேறு தமிழ் எழுத்துருவில் திறந்து வரிகள் நகர்ந்துவிடும், இரண்டு பக்க மனு மூன்று பக்கமாகும். வாடிக்கையாளரிடம் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்வதுதான் நல்ல வழி. "போன்லயே பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கம்மா" என்று ஒரு மாதம் சொன்னால் பழகிவிடுவார்கள்.

பத்திரிகை வேலைக்கு இங்க்ஸ்கேப். யூனிகோட் தமிழ் அதில் உடையாது, கோரலில் செய்யும் வேலையில் பெரும்பகுதி செய்யலாம். சிவகாசி அட்டையில் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் ஒரே வண்ணம்தான். கறுப்பில் டிரேசிங் ஷீட்டில் லேசர் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. பிளெக்ஸுக்கு ஆர்ஜிபி படமாகவே கொடுத்தாலும் அவர்கள் மெஷின் மாற்றிக்கொள்ளும், ஆனாலும் சிறிய துண்டு அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இங்க்ஸ்கேப் கை விரிப்பது ஆப்செட்டில். அதன் கறுப்பு ஆர்ஜிபி கறுப்பு. பிரஸ்ஸில் அது நாலு வண்ணமும் கலந்த கறுப்பாகி, சின்ன எழுத்து மங்கி அடிக்கும். அதனால் ஆப்செட் வேலையை ஸ்கிரைபஸில் முடியுங்கள். படத்தை இங்க்ஸ்கேப்பிலிருந்து கொண்டுவந்து, எழுத்துக்கு நூறு சதம் கறுப்பு மட்டும் என்று வண்ணம் வைத்து, சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுங்கள். ஸ்கிரைபஸ் 1.6 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு வேண்டும். பழைய 1.4-இல் தமிழ் உடைந்துதான் வரும், யாராவது பழைய டிவிடியிலிருந்து போட்டுக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆக்‌ஷன் போட்டு வைத்திருக்கும் ஃபோட்டோஷாப்பை விட மனம் வராது. இங்க்ஸ்கேப்பில் அதற்கு ஒரு நல்ல மாற்று உண்டு. போட்டோ அளவு 35-க்கு 45 மில்லிமீட்டர். நாலுக்கு ஆறு அங்குலத் தாளில் நேராக வைத்தால் ஆறுதான் கொள்ளும். படத்தைப் படுக்க வைத்தால், அகலத்தில் இரண்டு 45 சேர்ந்து 90, நீளத்தில் நாலு 35 சேர்ந்து 140, எட்டு படம் கச்சிதமாக உட்காரும், வெட்டவும் இடைவெளி இருக்கும். ஒரு படத்தை வைத்து மற்ற ஏழையும் குளோன் ஆக்கி, வார்ப்புருவாகச் சேமித்து வைத்துவிடுங்கள். அடுத்த ஆள் வந்ததும் முதல் படத்தை மட்டும் மாற்றினால் எட்டும் மாறும். முகத்தைச் சுத்தம் செய்வதும் பின்னணியை வெள்ளையாக்குவதும் கிம்ப்பில்.

கிம்ப்பில் இன்னொன்று. தேர்வு விண்ணப்பங்களில் போட்டோ 20 கேபிக்கு மேல் 50 கேபிக்குள், கையெழுத்து 20 கேபிக்குள் என்றெல்லாம் கேட்பார்கள். ஜேபெக் ஆக எக்ஸ்போர்ட் செய்யும் பெட்டியில் ப்ரிவியூ காட்டு என்பதை டிக் செய்தால், குவாலிட்டி கட்டையை நகர்த்த நகர்த்த ஃபைல் எத்தனை கேபி ஆகும் என்று அங்கேயே எண் ஓடும். கெடு முடியும் நாளில், வாசலில் பத்து பேர் நிற்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று பார்த்தவருக்குத் தெரியும். பிடிஎஃப் பக்கங்களைச் சேர்க்க, பிரிக்க, திருப்ப பிடிஎஃப் அரேஞ்சர் போதும். வாடிக்கையாளரின் ஆதாரையும் பத்திரத்தையும் யாரோ நடத்தும் இணையதளத்தில் ஏற்றி ஒட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இன்றே நிறுத்துங்கள்.

கிராக் பற்றி ஒரு பத்தி

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 63-பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு மென்பொருளைக் கணினியில் பயன்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருடம் சிறை. அபராதம் 50 ஆயிரத்திலிருந்து 2 லட்சம் வரை. வியாபார லாபத்துக்காக இல்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு, கடை வைத்திருப்பவர் அந்தச் சலுகையைக் கேட்பது கடினம். குமணன்சாவடியில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்பீர்கள், சரி. ஆனால் ஆக்டிவேட்டர் போடும் முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறது, அணைக்கிறீர்கள். ஸ்டாப் என்று அறியப்படும் ரேன்சம்வேர் குடும்பம் பெரும்பாலும் இந்தக் கிராக் ஃபைல்கள் வழியாகத்தான் பரவியது. ஒரு ராத்திரியில் அத்தனை ஃபைலும் பூட்டிக்கொள்ளும். போலீஸை விட அதற்குத்தான் நான் பயப்படுவேன்.

பிரிண்டர்

சிஸ்டம் மாற்றும் எண்ணம் பாதியில் நிற்பது பெரும்பாலும் பிரிண்டரில்தான். அதனால் அழிப்பதற்கு முன்பே சோதித்துவிடுங்கள். லினக்ஸ் மின்ட் 22 நம் வேலைக்குப் பொருந்தும். விண்டோஸ் பழகியவருக்கு மெனு அந்நியமாக இருக்காது, 2029 வரை புதுப்பிப்பு உண்டு. அதை ஒரு பென்டிரைவில் வென்டாய் என்ற செயலி கொண்டு ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். உள்ளே இருக்கும் டிஸ்க்கைத் தொட வேண்டியதில்லை. கொஞ்சம் மெதுவாக ஓடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எச்பி பிரிண்டர் என்றால் கவலை குறைவு, அதற்கான எச்பிலிப் தொகுப்பு மின்ட்டோடே வருகிறது. எப்சனின் எல் வரிசை இங்க் டேங்குகளுக்கு அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் தருகிறது. நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளில் ஓடி ஓடி உழைக்கும் கேனான் எல்பிபி 2900-தான் தகராறு செய்யும். அது கேப்ட் என்ற தனி முறையில் பேசுகிறது. கேனானின் பழைய டிரைவரைப் புது லினக்ஸில் போடுவது பெரும் பாடு. தன்னார்வலர்கள் எழுதிய மாற்று டிரைவர் ஒன்று உண்டு, போடத் தெரிந்தவர் உதவி வேண்டும். ஒரே பிரிண்டர் அதுதான் என்றால், அதை விண்டோஸ் கணினியிலேயே விட்டுவிடுங்கள். ஓடுகிற பிரிண்டரைக் கொள்கைக்காக மாற்றாதீர்கள். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது லினக்ஸ் டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கினால் போதும்.

சோதிக்கும்போது ஒரு பக்கம் அடித்து நிறுத்தாதீர்கள். இரு பக்க அச்சு, கனமான அட்டை, நாலுக்கு ஆறு கிளாஸி தாள், லீகல் சைஸ், ஸ்கேனரில் கலர், எல்லாம் பாருங்கள்.

விண்டோஸ் ஒன்று இருக்கட்டும்

இரண்டு கணினியில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டேலி விண்டோஸுக்கானது, ஆடிட்டர் கேட்டால் வேறு வழியில்லை. கைரேகைக் கருவி வைத்து வேலை செய்தால் அதன் டிரைவரும் சேவை மென்பொருளும் பெரும்பாலும் விண்டோஸைத்தான் எதிர்பார்க்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் சில லினக்ஸிலும் ஓடும், ஆனால் கெடு நாளில் சோதனை செய்து பார்க்கும் விஷயமா அது? கோரல் ஃபைலாகவே அனுப்பும் டிசைனர் நண்பர்களும் இருப்பார்கள். இவை எல்லாவற்றுக்கும் ஒரு கணினியில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ், முறையான புதுப்பிப்போடு. இன்னொன்று முழுக்க லினக்ஸ். ஒரே கணினியில் இரண்டையும் போட்டுக்கொள்ளும் டூயல் பூட் வீட்டுக்குச் சரி, கடைக்கு வேண்டாம். ஆள் நிற்கும்போது மறுபடி மறுபடி ரீஸ்டார்ட் போட முடியாது.

மாற்றும் கணினிக்கு ஒரு எஸ்எஸ்டி போடுங்கள். 54-ஆம் எண் பஸ்ஸில் ஏறி அண்ணா சாலையில் இறங்கினால் ரிச்சி தெரு, பூந்தமல்லியிலேயே கிடைத்தாலும் சரி. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, தேதி எழுதி, அப்படியே பத்திரமாக வையுங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் மறுபடி மாட்டிப் பார்க்கலாம். ராம் 8 ஜிபி இருந்தால் நிம்மதி. நாலு இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. வீட்டில் தூங்கும் அந்தப் பழைய அரசு மடிக்கணினியையும் எஸ்எஸ்டி போட்டு இதே பதிப்பில் எழுப்பலாம். வாடிக்கையாளர் தாங்களே படிவம் நிரப்ப ஒரு மூலையில் வைக்க அது போதும். மாற்றும் நாளாகச் செவ்வாய், புதனைப் பாருங்கள். முகூர்த்த சீசனும் பள்ளி திறக்கும் ஜூனும் ஆகாது.

கேட்க ஆள்

ரிச்சி தெருவில் விண்டோஸ் போட்டுக் கொடுக்க நூறு பேர், லினக்ஸுக்கு ஆள் தேட வேண்டும். அந்தக் குறை உண்மை. ஆனால் சென்னை இந்த விஷயத்தில் வறண்ட ஊர் இல்லை. இந்திய லினக்ஸ் பயனர் குழுவின் சென்னைக் கிளை 1998 முதல் இருக்கிறது, சந்திப்புகளுக்கு யாரும் போகலாம். தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை இருக்கிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்கள் இணையவழியில் நடப்பதால் கடையிலிருந்தே கலந்துகொள்ளலாம், தமிழிலேயே பேசலாம். விழுப்புரத்தில் ஒரு குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இதையே கற்றுத் தருகிறது. கணியம் என்ற இணையதளம் 2012 முதல் தமிழிலேயே கட்டுரைகளும் நூல்களும் வெளியிடுகிறது. உங்கள் தட்டச்சாளரே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம்.

கேட்கும்போது "பிரிண்டர் வேலை செய்யலை" என்று மட்டும் கேட்டால் பதில் வராது. பிரிண்டரின் முழு மாடல் எண், மின்ட்டின் பதிப்பு எண், எந்த மென்பொருளிலிருந்து அடித்தீர்கள், திரையில் வந்த வாசகம், அதன் போட்டோ. இத்தனையும் சேர்த்து அனுப்புங்கள். வேலை நாளில் பலரும் ஆபீஸில் இருப்பார்கள், பதில் பெரும்பாலும் ராத்திரிதான் வரும். அதுவரை பக்கத்து விண்டோஸ் கணினியில் அடித்துக் கொடுத்துக்கொண்டிருங்கள்.